700 கோடி என்னும் எண்: லாக் ஒடுக்கி தன் இடத்தைத் தேடிய வரலாறு

கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் போன்ற குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு ‘டன்னுக்கு எத்தனை கிராம்’ என்ற கணக்கு புதிதன்று. 2001 பிப்ரவரியில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடுவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஒரு டன் பாறையை வெட்டி, மேலேற்றி, அரைத்துச் சலித்தால் கிடைத்த பொன் சில கிராம்தான். டன்னுக்கு ஒரு கிராம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதே அளவுகோலை மனிதக் குடலில் வாழும் எஸ்செரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அதன் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் உள்ளன. லாக் ஒடுக்கி என்னும் புரதம் சென்று அமர வேண்டிய ‘ஆபரேட்டர்’ என்ற பகுதியின் நீளம் ஏறத்தாழ 21 கார இணைகள். சுரங்கக் கணக்கில் சொன்னால் டன்னுக்கு நாலரை கிராம்.

சுரங்கத்துக்கு ஷாஃப்ட் இருந்தது, கேஜ் இருந்தது, பாறை மாதிரியைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகம் இருந்தது. புரதத்துக்கு இருப்பது வெப்பத்தால் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் உந்தல் மட்டுமே. அப்படியிருந்தும் அது சில நிமிடங்களில் தன் இடத்தை அடைந்துவிடுகிறது. இது எப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பாடநூல்கள் சொல்லும் முறையில் இரண்டு குறைகள் இருக்கின்றன. தொடக்கத்தில் நிற்கும் ஓர் எண்ணை அவை தவறாகப் பொருள்கொள்கின்றன என்பது ஒன்று. கேள்வியின் பாதிப் பகுதி பெங்களூரிலும் சென்னையிலும் ஆராயப்பட்டதை அவை சொல்லாமல் விட்டுவிடுகின்றன என்பது மற்றொன்று.

லாக்டோஸ் சர்க்கரை இல்லாதபோது அதைச் செரிக்கும் நொதிகளைப் பாக்டீரியா ஏன் உண்டாக்குவதில்லை என்பதற்கு விடையாக, 1961-இல் பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் ஒடுக்கி என்னும் கருத்தை முன்வைத்தனர். அப்போது அது ஒரு கருத்து மட்டுமே. அந்தப் பொருளை எவரும் கண்டிருக்கவில்லை. 1966-இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்தனர். ஓர் உயிரணுவில் ஏறத்தாழப் பத்தே பிரதிகள் இருக்கும் பொருளைப் பிரித்தெடுப்பது எளிய வேலையன்று. பொருள் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: இது டி.என்.ஏ.வை எவ்வளவு வேகமாகப் பற்றுகிறது?

ஆர்தர் ரிக்ஸ், சுசான் பூர்ஜ்வா, மெல்வின் கோன் ஆகிய மூவரும் அதை அளந்து 1970-இல் வெளியிட்டனர். முறை எளிமையானது. நைட்ரோசெல்லுலோஸ் வடிதாளில் புரதம் ஒட்டிக்கொள்ளும், வெறும் டி.என்.ஏ. ஒட்டாமல் வழிந்துவிடும். கதிரியக்க பாஸ்பரஸ் ஏற்றிய டி.என்.ஏ.வுடன் ஒடுக்கியைக் கலந்து, குறித்த நேரங்களில் வடிகட்டி, தாளில் தங்கிய கதிரியக்கத்தை எண்ணினால், எத்தனை டி.என்.ஏ. மூலக்கூறுகள் புரதத்தோடு பிணைந்துள்ளன என்பது தெரிந்துவிடும். இணையும் வேகத்தின் மாறிலியாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மோலாருக்கு, ஒரு விநாடிக்கு 700 கோடி.

இந்த எண் அதிர்ச்சி தந்ததற்குக் காரணம் 1917-இல் இறந்துபோன போலந்து இயற்பியலாளர் மரியன் ஸ்மோலுகோவ்ஸ்கியின் கணக்கு. நீர்மத்தில் தாறுமாறாக அலையும் இரு துகள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வேகத்துக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. அது அவற்றின் விரவல் வேகத்தையும் அளவையும் பொறுத்தது என்று அவர் காட்டியிருந்தார். புரதத்தின் ஒரு சிறு முகம் டி.என்.ஏ.வின் ஒரு சிறு துண்டைச் சரியான கோணத்தில் தொட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தால் அந்த எல்லை பத்துக் கோடிக்கு அருகில் வந்து நிற்கும். அளவீடோ அதைப் போல ஏறத்தாழ எழுபது மடங்கு. ‘டி.என்.ஏ.வோடு பிணையும் புரதங்கள் விரவல் எல்லையையும் மீறிய வேகத்தில் தம் இலக்கை அடைகின்றன’ என்ற வாக்கியம் பிறந்தது இங்கேதான். இன்றும் உயிரியல் இயற்பியல் கட்டுரைகள் பலவற்றின் முதல் பத்தியில் அது நிற்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள்.

அந்த அளவீடு எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பதை வாக்கியம் சொல்வதில்லை. ரிக்ஸ் குழுவினர் பயன்படுத்திய கரைசலில் உப்பு மிகக் குறைவு. டி.என்.ஏ.வின் முதுகெலும்பு முழுவதும் எதிர்மின்னூட்டம். அதைப் பற்றும் புரத முகத்தில் நேர்மின்னூட்டம். உப்பு குறைவாக இருந்தால் இரண்டுக்கும் இடையிலான ஈர்ப்பை மறைக்க அயனிகள் இல்லை. ஈர்ப்பு நெடுந்தூரம் எட்டும். ஸ்மோலுகோவ்ஸ்கியின் எல்லை மின்னூட்டமற்ற துகள்களுக்கு உரியது. மின்னூட்டம் இருந்தால் எல்லையே மாறும் என்பதைப் பீட்டர் டிபை 1942-லேயே சூத்திரமாக்கிவிட்டார். மேலும், 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களே உப்பைக் கூட்டினால் வேகம் குறைவதைக் கவனித்து, மின்னூட்ட ஈர்ப்பை ஒரு காரணமாகக் கருதியிருந்தனர். பின்னால் வந்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிட்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹால்ஃபோர்டு 2009-இல் இதைக் குறித்து எழுதிய கட்டுரையின் தலைப்பு, 40 ஆண்டுத் தவறுகளுக்கு முடிவு வந்துவிட்டதா என்று கேட்டது. உயிரணுவை ஒத்த உப்பு நிலையில் இத்தகைய புரதங்களின் இணைவு வேகம் பொதுவாக விரவல் எல்லைக்கு உள்ளேயே அடங்குகிறது என்பது அவர் வாதம். அதற்குப் பின்னும் அந்த வாக்கியம் சாகவில்லை. மேற்கோள் வழியாகப் பரவும் பிழைக்கு மூலத்தைப் பார்க்கும் பழக்கம் ஒன்றே மருந்து; அறிவியல் துறைகளிலும் அது அரிது.

ஆயினும் அந்த எண்ணுக்கு ஒரு நன்றிக்கடன் உண்டு. அது தவறாகப் படிக்கப்பட்டதால்தான் நல்ல கோட்பாடு ஒன்று பிறந்தது. மேக்ஸ் டெல்புரூக்கும் கெரால்டு ஆடமும் 1968-இல், தேடும் வெளியின் பரிமாணத்தைக் குறைத்தால் தேடல் விரைவுபடும் என்று எழுதியிருந்தனர். முப்பரிமாண வெளியில் அலையும் மூலக்கூறு முதலில் ஒரு பரப்பையோ இழையையோ தொட்டு, பிறகு அதன்மேல் ஊர்ந்து இலக்கை அடையலாம். 1974-இல் பீட்டர் ரிக்டரும் மான்ஃபிரெட் ஐகனும் அதை ஒடுக்கிக்குப் பொருத்தினர். 1981-இல் ஓட்டோ பெர்க், ராபர்ட் வின்டர், பீட்டர் வான் ஹிப்பெல் ஆகியோர் அடுத்தடுத்து மூன்று கட்டுரைகளில் கோட்பாட்டையும் அளவீட்டையும் ஒன்றாக வைத்தனர். புரதம் டி.என்.ஏ.வின் ஏதோ ஓரிடத்தில் தளர்வாக ஒட்டுகிறது. அதன்மேல் முன்னும் பின்னும் சிறிது தூரம் வழுக்குகிறது. கழன்று, அருகிலோ தொலைவிலோ மீண்டும் ஒட்டுகிறது. சில வேளைகளில், மடிந்து அருகில் வந்த வேறொரு டி.என்.ஏ. பகுதிக்கு நேராகத் தாவுகிறது.

ஏன் இரண்டும் வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போதும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். ஒடுக்கி வழுக்கும்போது அதன் ஒருபரிமாண விரவல் மாறிலி விநாடிக்கு ஏறத்தாழ 0.05 சதுர மைக்ரோமீட்டர். தாறுமாறான நடையில் கடக்கும் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். ஆகவே முழு நீளத்தையும் வழுக்கியே கடக்க ஓராண்டை நெருங்கும் காலம் தேவைப்படும். பாக்டீரியாவோ நல்ல சூழலில் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். மைசூர் மைன்ஸிலும் சாம்பியன் ரீஃபிலும் ஷாஃப்ட் நேர்கீழாக இறங்கும். ஒவ்வொரு லெவலிலும் டிரைவ் ரீஃபின் போக்கில் கிடையாக ஓடும். ஒரே டிரைவ் வழியாக வயல் முழுவதையும் எவரும் தேடியதில்லை. அந்த ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக்கூடாது. சுரங்கத்தாருக்கு ரீஃப் எந்தத் திசையில் சாய்கிறது என்பது தெரியும். புரதத்துக்குத் திசையும் தெரியாது, வந்த வழியும் நினைவில்லை.

இந்தக் கோட்பாட்டில் உப்பு மீண்டும் வருகிறது, வேறு வேடத்தில். உப்பு மிகக் குறைந்தால் புரதம் தவறான இடங்களிலேயே இறுக ஒட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்கும். மிகக் கூடினால் ஒட்டவே ஒட்டாது. வழுக்குவதன் பயன் கிட்டாது. நடுவில் ஓரிடத்தில் தேடல் மிக விரைவாக நிகழும். மொத்த டி.என்.ஏ.வும் தேடலுக்கு உதவும் பாதை, அதே டி.என்.ஏ. தேடுபவரைச் சிறைப்பிடிக்கும் பொறியும் கூட.

இதுவரை சொன்னது வேகத்தின் வரலாறு. ஒரு கேள்வி இதில் விடுபட்டுப்போகிறது. வழுக்கிச் செல்லும் புரதம் ஓரிடத்தில் நிற்பது எதனால்? அங்கே அது எதை அறிகிறது? 1976-இல் நெட் சீமன், ஜான் ரோசன்பெர்க், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர், டி.என்.ஏ.வின் பெரும் பள்ளத்தில் விரல் நுழைப்பது போலப் புரதத்தின் அமினோ அமிலங்கள் நுழைந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒவ்வொரு காரத்தையும் அடையாளம் காணலாம் என்றனர். இது எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் போன்றது. துறையின் சொல்லாட்சியும் அப்படியே அமைந்துவிட்டது: எழுத்து, வாசிப்பு, படி. இரட்டைச் சுருள் எங்கும் ஒரே சீரான படிக்கட்டு, எழுத்துகள் மட்டுமே மாறுகின்றன என்பது அந்தச் சொல்லாட்சிக்குள் ஒளிந்திருந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் சிலர் கோலாருக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தனர். சென்னையில் கொலாஜனின் முச்சுருளையும் புரத அமைப்புக்கான வரைபடத்தையும் தந்த ஜி. என். ராமச்சந்திரன், 1971-இல் அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அந்தப் பிரிவின் வி. சசிசேகரன், 1976-இல் என். பட்டாபிராமனுடன் சேர்ந்து, டி.என்.ஏ. வலப்புறமாக மட்டுமே சுருள வேண்டிய கட்டாயம் இல்லை, இடச்சுருள் பகுதிகளும் இயலும் என்று வாதிட்டார். வலமும் இடமும் மாறி மாறி வரும் மாதிரிகள் சிறிது காலம் விவாதத்தில் இருந்தன. கிரிக், வாங், பாவர் ஆகியோர் 1979-இல் முன்வைத்த இடவியல் சான்றுகளுக்கு முன் அவை நிற்கவில்லை. அதோடு அந்த முயற்சியைக் குப்பையில் போடுவது பலரின் வழக்கம். ஆனால் டி.என்.ஏ.வின் வடிவம் எங்கும் ஒன்றுதானா என்ற கேள்வி அந்தத் தோல்வியில் சாகவில்லை.

அதே கழகத்தின் இயற்பியல் துறையைச் சேர்ந்த எம். ஏ. விஸ்வமித்ரா, கேம்பிரிட்ஜின் ஓல்கா கென்னார்டு முதலியோருடன் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட படிக அமைப்பு இதற்கு விடை தரத் தொடங்கியது. நான்கே எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. துண்டு அது: அடினைன், தைமின், அடினைன், தைமின். அணு அணுவாகக் காணும் தெளிவில் இரட்டைச் சுருளின் துணுக்கு ஒன்று தெரிந்தது. அதில் அடினைனோடு இணைந்த சர்க்கரை வளையம் ஒருவிதமாக மடிந்திருந்தது. தைமினோடு இணைந்தது வேறுவிதமாக. அடினைனிலிருந்து தைமினுக்குப் போகும் படியில் காரங்கள் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. தைமினிலிருந்து அடினைனுக்குப் போகும் படியில் அப்படியில்லை. படிக்கட்டு சீரானதன்று, எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து என்பதைப் பொறுத்து உயரமும் சாய்வும் மாறுகின்றன.

தமிழ் எழுத்தை அறிந்தவருக்கு இது விளங்குவது எளிது. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் எழுதப்படுவது ஒரே ககரம். ஒலிப்பது மூன்று விதம். சொல்லின் முதலில் வல்லொலி, உயிர்களுக்கு நடுவில் உரசொலி, மெல்லினத்தை அடுத்து அதிரொலி. எழுத்தில் இல்லாத வேறுபாட்டை அண்டை எழுத்து தருகிறது. செவியால் கேட்பவர் எழுத்தைப் பார்க்காமலே இடத்தை அறிந்துவிடுவார். புரதம் டி.என்.ஏ.வைக் கண்ணால் படிப்பதில்லை, தடவி அறிகிறது. அதற்குக் கிடைப்பது எழுத்தைவிட ஒலிப்பை ஒத்தது.

இந்தத் துணுக்கு லாக் ஒடுக்கியோடு இணைந்த விதம்தான் இந்த வரலாற்றில் பெரும்பாலும் சொல்லப்படாத பக்கம். அடினைனும் தைமினும் மாறி மாறி வரும் செயற்கை டி.என்.ஏ.வை, அது ஆபரேட்டர் அல்லாதபோதும், ஒடுக்கி பிற டி.என்.ஏ.வைவிட இறுகப் பற்றும் என்பது முன்பே தெரிந்திருந்தது. காரணம் தெரியவில்லை. 1979-இல் ஏரன் க்ளூக், ஜாக், விஸ்வமித்ரா, கென்னார்டு, ஷக்கெட், ஸ்டைட்ஸ் ஆகிய அறுவரும் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். நான்கெழுத்துப் படிகத்தில் கண்ட மாறி மாறி வரும் முதுகெலும்பு வடிவம் நீண்ட இழையிலும் இருக்கலாம். ஒடுக்கி விரும்புவது அந்த வடிவத்தையே. ஆபரேட்டரிலும் தைமின், குவானைன், தைமின், குவானைன் என மாறி வரும் துண்டு உண்டு. வரிசை வடிவத்தைத் தீர்மானிக்கிறது, வடிவத்தைப் புரதம் அறிகிறது என்ற எண்ணத்தை ஒரு குறிப்பிட்ட புரதத்துக்குத் தெளிவாகச் சொன்ன தொடக்கக் கட்டுரைகளில் இது ஒன்று.

அந்தக் கருதுகோள் அதன் எல்லா விவரங்களிலும் நிலைத்தது என்று சொல்வது மிகை. படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையிலிருந்த இரண்டோடு இரண்டிரண்டு இணைகளாகவே பிணைந்திருந்தது. அது நீண்ட சுருளே அன்று. ஒடுக்கி ஆபரேட்டரைப் பற்றும் விதம் 1996-இல் மிட்செல் லூயிஸ் குழுவின் படிக அமைப்பில் தெரிந்தபோது, கதை வேறாகவும் இருந்தது, ஒருவகையில் அதேயாகவும் இருந்தது. புரதத்தின் தலைப்பகுதி பெரும் பள்ளத்தில் காரங்களைத் தொடுகிறது. அதன் கீல் போன்ற பகுதியோ சிறு பள்ளத்துக்குள் நுழைந்து டி.என்.ஏ.வை வளைக்கிறது. எழுத்தும் வேண்டும், வளைந்துகொடுக்கும் இயல்பும் வேண்டும்.

2004-இல் உட்ரெக்ட் நகரின் கலோடிமோஸ், போலென்ஸ், கப்டைன் ஆகியோரும் உடன்பணியாளர்களும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில், தவறான டி.என்.ஏ.வில் அமர்ந்திருக்கும் ஒடுக்கியின் தலைப்பகுதியைப் படம்பிடித்தனர். அங்கே கீல் வடிவமற்றுத் தளர்ந்து கிடந்தது, டி.என்.ஏ. நேராக இருந்தது. ஆபரேட்டரில் மட்டுமே கீல் சுருளாகி, டி.என்.ஏ. வளைகிறது. அதே ஆண்டில் ஸ்லட்ஸ்கியும் மிர்னியும் கோட்பாட்டிலிருந்து இதே இடத்துக்கு வந்தனர். விரைந்து வழுக்க வேண்டுமானால் புரதம் தளர்வாகப் பற்ற வேண்டும். இலக்கில் நிற்க வேண்டுமானால் இறுகப் பற்ற வேண்டும். ஒரே வடிவத்தால் இரண்டும் இயலாது. தேடும் நிலை ஒன்றும் அறியும் நிலை ஒன்றும் தேவை. வேகத்தின் வரலாறும் வடிவத்தின் வரலாறும் இங்கே சந்தித்தன. இவற்றைத் தனித்தனியாகச் சொல்லும் வழக்கத்தால், இரண்டாவதில் இடம்பெற்ற பெங்களூர்ப் பெயர்கள் முதலாவதைப் படிப்பவரின் கண்ணில் படுவதேயில்லை.

பெங்களூரில் அந்த இழை அறுபடவில்லை. மஞ்சு பன்சால் நெடுங்காலம் வரிசையைச் சார்ந்த வடிவ மாறுபாடுகளை ஆராய்ந்தார். 2005-இல் அதிதி கன்ஹெரேயுடன் சேர்ந்து, மரபணுவின் தொடக்கப் பகுதிகளை எழுத்து வரிசையைத் தேடாமல், அந்தப் பகுதியின் நிலைப்புத்தன்மை குறைவதை வைத்தே அடையாளம் காணும் வழியைக் காட்டினார். திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ். செல்வராஜும், பின்னர் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த எம். மைக்கேல் குரோமிகாவும், ஜப்பானில் அகினோரி சராய் குழுவுடன் இணைந்து, காரத்தை நேரடியாகத் தொட்டு அறிவதும் டி.என்.ஏ.வின் நெளிவைக் கொண்டு அறிவதும் வெவ்வேறு புரதங்களில் எந்த அளவுக்குப் பங்களிக்கின்றன என்று 2004-இல் கணக்கிட்டனர். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆர். முருகன் 2004 முதல் தேடலின் கோட்பாட்டிலேயே பணியாற்றினார்; புரதத்தின் பற்றும் பகுதி, விரைந்து நகரும் நிலைக்கும் அறியும் நிலைக்கும் இடையே ஊசலாடுவதைத் தேடல் வேகத்தோடு இணைக்கும் அவரது கட்டுரை 2010-இல் வந்தது. இவை எல்லாம் ஆய்விதழ்களில் கிடைப்பவை. இந்தியப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

உயிருள்ள பாக்டீரியாவுக்குள் இதையெல்லாம் நேரில் காண்பது 2007-இல் இயன்றது. யோஹன் எல்ஃப், ஜீன்-வெய் லீ, சன்னி ஷீ ஆகியோர் ஒளிரும் புரதத்தை ஒடுக்கியோடு இணைத்து ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்தனர். ஒடுக்கி தன் நேரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தவறான டி.என்.ஏ.வின்மேலேயே கழிக்கிறது, ஒரு முறை ஒட்டினால் 5 மில்லிவிநாடிக்கும் குறைவாகவே அங்கிருக்கிறது.

2012-இல் உப்சாலாவில் எல்ஃப் குழுவினர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. இரண்டு ஆபரேட்டர்களை வெவ்வேறு இடைவெளிகளில் டி.என்.ஏ.வில் வைத்தார்கள். தொலைவில் இருந்தால் அவை இரு இலக்குகள். ஒடுக்கி ஏதேனும் ஒன்றை அடையும் நேரம் பாதியாகும். மிக நெருங்கினால், வழுக்கி வரும் புரதத்துக்கு அவை ஒரே இலக்காகிவிடும். அந்த ஆதாயம் மறையும். எந்த இடைவெளியில் மறைகிறது என்பதிலிருந்து வழுக்கும் தூரம் கிடைத்தது: ஏறத்தாழ 45 கார இணைகள். அதே அளவீடுகள் இன்னொன்றையும் காட்டின. இத்தனை தேடி வந்த ஒடுக்கி, ஆபரேட்டரின் மேலேயே வழுக்கிச் செல்லும்போது பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. பலமுறை அதைக் கடந்து போய்த் திரும்பிய பின்னரே அதில் அமர்கிறது.